மூல ஓலை யார் கையில்? இயந்திரங்களின் சான்றிதழ் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. கல்யாணப் பந்தலில் வந்து நிற்கும் கிழ வேதியர், மாப்பிள்ளைக் கோலத்திலிருக்கும் சுந்தரரைப் பார்த்து நீ எனக்கு அடிமை என்கிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை கையில் இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டுபோகிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாகிற வழக்கம் உண்டா என்று சபை கேட்கத்தான் செய்கிறது. ஆனால் மூல ஓலை வெளியே வந்து, அதிலுள்ள எழுத்து பாட்டனின் வேறொரு எழுத்தோடு பொருந்தியதும் அந்தக் கேள்வி அடங்கிப்போகிறது. தீர்ப்பு: நீ அடிமைதான்.

பக்தியாளர்கள் இதைத் திருவிளையாடலாகப் படித்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது சபையின் நடைமுறை. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு. ஓலையைக் காட்டுகிறவரும் அதனால் ஆதாயம் அடைகிறவரும் ஒரே ஆள் என்பது சரிபார்ப்பின் எல்லைக்குள் வராது. பொருத்தம் வேறு, நியாயம் வேறு. பொருத்தத்தைக் காட்டி நியாயத்தைத் தீர்த்துவைப்பது எழுத்தின் அதிகாரம் செய்கிற மிகப் பழைய வேலை.

இதை ஆலைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் வாரியத்திலும் மின்நிலையத்திலும் மருந்துத் தொழிற்சாலையிலும் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஒன்றோடொன்று பேசத் தொடங்குமுன் சான்றிதழ் காட்டிக்கொள்ளும் காலம் இது. இந்தச் சான்றிதழ் ஒரு சிறு கோப்பு. கருவியின் பெயர், அதன் பொதுச் சாவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்பு, யார் வழங்கியது என்ற விவரம், எல்லாவற்றுக்கும் கீழே வழங்கியவரின் இலக்கக் கையொப்பம், அவ்வளவுதான். மார்க் ஷீட் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்துக்காக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபீசருக்கு நம்மைத் தெரியாது. அவர் போடும் கையெழுத்தால் நம் மதிப்பெண் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. ஆனால் அது இல்லாமல் நகல் செல்லாது.

கையெழுத்துப் போடும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே சான்றிதழின் வரலாறு. பாதுகாப்பு என்ற சொல்லாடலுக்குள் இந்த உரிமை மாற்றம் மறைந்துபோகிறது. அதை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

2

ஆலைக் கருவிகள் நெடுங்காலம் பெயர் கேட்காமல்தான் பேசிக்கொண்டிருந்தன. 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார் ஆலைகளின் ரிலே அலமாரிகளுக்கு மாற்றுத் தேடியபோது பிறந்தது பி.எல்.சி. என்னும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி. அதை உருவாக்கிய குழுவிலிருந்து வந்த மோடிகான் நிறுவனம் 1979இல் மோட்பஸ் என்ற பேச்சு முறையை வெளியிட்டது. எளிமையான முறை. இத்தனையாம் எண் கருவியே, இத்தனையாம் இடத்தில் இந்த மதிப்பை எழுது என்றால் எழுதிவிடும். சொல்வது யாரு எவரு என்று கேட்காது. கேட்பதற்கு அந்த மொழியில் சொல்லே கிடையாது. கட்டளையிடும் கருவிக்கு எஜமான் என்றும் கேட்டு நடக்கும் கருவிக்கு அடிமை என்றும் பெயர் வைத்திருந்தார்கள். 2020இல்தான் மோட்பஸ் அமைப்பு இந்தப் பெயர்களைக் கைவிட்டது.

இதைப் பொறியாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. கம்பி ஆலைச் சுவருக்குள் இருந்தது. சுவருக்குள் வந்தவன் கேட்டில் பேர் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் வந்திருப்பான். கருவி கேட்க வேண்டிய கேள்வியை வாட்ச்மேன் கேட்டுக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அடையாளச் சோதனை முழுவதும் தொழிலாளியின் உடம்பின் மேல் நடந்தது.

இங்கே டேவிட் நோபிளின் ஆய்வை நினைவுபடுத்த வேண்டும். 1984இல் வெளிவந்த உற்பத்தி சக்திகள் பற்றிய நூலில் அவர் ஒரு தேர்வை விவரிக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடைசல் இயந்திரங்களைத் தானியக்கமாக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேர்ந்த தொழிலாளியின் கையசைவை நாடாவில் பதிந்து திரும்ப ஓட்டுவது. மற்றொன்று, அலுவலகத்தில் உட்கார்ந்து எண்களாக நிரல் எழுதி அனுப்புவது. அமெரிக்க விமானப் படையின் பணத்தோடு வந்த இரண்டாவது வழி வென்றது. வேலையின் அறிவு பட்டறைத் தளத்திலிருந்து அலுவலகத்துக்கு நகர வேண்டும் என்ற நிர்வாகத்தின் விருப்பம் அந்த வெற்றிக்குள் இருந்தது என்பது நோபிளின் வாதம். பி.எல்.சி. இதில் ஒரு சின்ன விலகல். அதன் ஏணிப்பட நிரல், ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்குப் புரிகிற மாதிரி அமைந்தது. அந்தச் சலுகை எவ்வளவு நாள் தாங்கும் என்பது பிறகு வரும் கதை.

சுவர் ஒரே நாளில் இடிந்து விழவில்லை. தொலைவிலிருந்து பார்க்க ரேடியோவும் டெலிபோன் கம்பியும் வந்தன. பிறகு அலுவலகக் கணினி வலை, அப்புறம் இணையம். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்ற ஊரில், ஒப்பந்த நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர் ஒரு மடிக்கணினியையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு, தன்னை ஒரு பம்ப் நிலையமாகவே காட்டி, கழிவுநீர் அமைப்புக்குக் கட்டளை கொடுத்தார். ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் சாக்கடை நீர் பூங்காவிலும் ஆற்றிலும் போய்ச் சேர்ந்தது. அமைப்பு அவரைத் தன்னில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. பெயர் கேட்காத பழக்கத்தின் விலை அது.

3

கேட்பதற்கான வழி இதற்கு வெகு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

1976 நவம்பரில் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கட்டுரை ஒரு பழைய விதியை உடைத்தது. அதுவரை ரகசியம் பேச இருவருக்கும் பொதுவான ஒரு சாவி முன்னாலேயே கைமாறியிருக்க வேண்டும். தூதுவனும் முத்திரையிட்ட பையும் ராணுவமும் இல்லாமல் அது நடக்காது. இவர்கள் சாவியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றை ஊருக்கெல்லாம் சொல்லலாம், மற்றதை வெளியே விடக்கூடாது. தனிச் சாவியால் இட்ட ஒப்பத்தைப் பொதுச் சாவி வைத்திருக்கும் யாரும் சரிபார்க்கலாம். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் இதற்கு நடைமுறையில் ஓடக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். இதே யோசனையை 1970இலேயே பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வில் ஜேம்ஸ் எல்லிஸ் எட்டியிருந்தார். 1973இல் கிளிஃபர்ட் காக்ஸ் அதற்குக் கணக்கும் எழுதிவிட்டார். அரசு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. 1997 டிசம்பரில் அது வெளியே சொல்லப்பட்டபோது எல்லிஸ் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

ஆக, பிறப்பிலேயே இது அரசின் ரகசியத்துக்கும் பொது அறிவுக்கும் நடுவில் நடந்த இழுபறி. டிஃபியும் ஹெல்மனும் கற்பனை செய்தது ஒரு பொதுப் பதிவேடு: டெலிபோன் டைரக்டரி மாதிரி எல்லார் பெயரும் எல்லார் பொதுச் சாவியும் அதில் இருக்கும். பதிவேட்டை ஒவ்வொரு முறையும் யார் போய்ப் புரட்டுவது என்ற சிக்கலுக்கு 1978இல் எம்.ஐ.டி.யில் இளங்கலை மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தன் பட்ட ஆய்வேட்டில் விடை சொன்னார். பதிவேட்டின் ஒரு வரியை மட்டும் கிழித்தெடுத்து, அதில் ஓர் அதிகாரி ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டால் போதும். ஆள் அதைக் கையோடு கொண்டுபோகலாம். அதற்கு அவர் வைத்த பெயர் சான்றிதழ். நூலகத்துக்குப் போய்ப் படிக்க வேண்டியது பாக்கெட்டில் வைக்கிற அட்டையாக மாறியது. மாறும்போது பதிவேட்டின் பொதுத்தன்மை போய், ஒப்பமிடும் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

அந்த அதிகாரிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது 1988. தொலைத்தொடர்புத் துறைகளின் சர்வதேச அமைப்பு அந்த ஆண்டு வெளியிட்ட எக்ஸ்.509 என்ற தரம்தான் இன்றும் எல்லாச் சான்றிதழ்களின் வடிவம். அது தனியாக வரவில்லை. உலகம் முழுமைக்கும் ஒரே பெயர்ப் பதிவேடு என்ற எக்ஸ்.500 கனவின் ஓர் உறுப்பாக வந்தது. அந்தக் கனவில் பெயர் என்பது ஒரு மரத்தில் இருக்கும் இடம்: மேலே நாடு, அதன் கீழ் நிறுவனம், அதன் கீழ் பிரிவு, கடைசியில் ஆள். அரசுத் தபால் தந்தித் துறைகள் உலகத்தைப் பார்த்த விதம் அது. பதிவேடு கட்டப்படவே இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு பம்புக்குச் சான்றிதழ் எடுத்தாலும் நாடு, நிறுவனம், பிரிவு என்ற கட்டங்கள் வந்து நிற்கின்றன. கோட்டை எழும்பவில்லை, அதன் வாசல்படி மட்டும் எல்லார் வீட்டிலும் கிடக்கிறது.

எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. 1991இல் ஃபில் ஸிம்மர்மன் பி.ஜி.பி. மென்பொருளை வெளியிட்டார். அணுஆயுத எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய ஏற்பாட்டில் அதிகாரி கிடையாது. எனக்குத் தெரிந்தவர் சாவியில் நான் ஒப்பமிடுவேன், அவருக்குத் தெரிந்தவர் சாவியில் அவர். வேர் என்று ஒன்று இல்லாமல், பழக்கமே வலையாகப் படர்வது. 1993 முதல் 1996 வரை அமெரிக்க அரசு அவரை விசாரணையில் வைத்திருந்தது. அந்த வலை சிறு வட்டங்களோடு நின்றுபோனது. வணிகத்துக்கு வேண்டியிருந்தது பழக்கம் இல்லாதவரோடும் வியாபாரம் செய்ய ஒரு முத்திரை. அதற்கு மரம்தான் வசதி.

1971இல் தெரிதா கையொப்பம் பற்றிப் பேசிய ஓர் உரை உண்டு. கையொப்பம் செல்லுபடியாக வேண்டுமானால் அது திரும்பத் திரும்ப வரக்கூடியதாக, இட்டவரின் கணத்திலிருந்து பிரிந்து நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அப்படிப் பிரிந்து நிற்கிற எதையும் திருடலாம். கணிதத்தால் போலிசெய்ய முடியாத ஒப்பத்துக்கும் இது பொருந்தும். கணக்கை உடைக்க வேண்டாம், சாவியை எடுத்துக்கொண்டால் போதும். ஈரானில் இதுதான் இரண்டு முறை நடந்தது.

4

2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் ஒரு வைரஸ் எதிர்ப்பு நிறுவனம் ஸ்டக்ஸ்நெட்டைக் கண்டெடுத்தது. அதன் இலக்கு நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்கள். விண்டோஸ் கணினிக்குள் ஆழமாக நுழைய அது காட்டிய கோப்புகளில் ரியல்டெக் என்ற தைவான் நிறுவனத்தின் உண்மையான ஒப்பம் இருந்தது. ஜூலையில் அந்தச் சான்றிதழ் ரத்தானது. ஒரு நாளில் இன்னொரு கோப்பு வெளிப்பட்டது, ஜேமைக்ரான் நிறுவனத்தின் ஒப்பத்தோடு. இரண்டும் ஷின்சூ அறிவியல் பூங்காவில் இயங்குபவை. சாவிகள் எப்படிப் போயின என்பது பொதுவெளியில் தெளிவாகவில்லை. இது அமெரிக்க, இஸ்ரேலிய அரசுகளின் கூட்டு வேலை என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அந்த அரசுகள் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே இரண்டு வாசல்கள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். முதல் வாசலில் விண்டோஸ் ஒப்பம் கேட்டது; அசல் ஒப்பம் கிடைத்தது; வழிவிட்டது. இரண்டாம் வாசலில் சீமென்ஸ் பி.எல்.சி. ஒப்பமே கேட்கவில்லை; வந்த நிரலை ஏற்றுக்கொண்டது. கேட்ட வாசலும் திறந்தது, கேட்காத வாசலும் திறந்தது. நொடிக்கு 1,064 சுற்று என்ற வேகம் 1,410க்கு ஏறியது, பிறகு 2க்கு விழுந்தது. நல்ல நாளில் பதிந்துவைத்த அளவுகளைத் திரும்ப ஓட்டிக் காட்டும் பகுதியும் அந்த நிரலுக்குள் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் சுழல் இயந்திரங்கள் பாழாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நோபிள் சொன்ன பதிந்து ஓட்டும் முறை தொழிலாளியின் கைத்திறனை நாடாவில் வைத்தது. இங்கே அதே உத்தி தொழிலாளியின் கண்ணைக் கட்டப் பயன்பட்டது.

அடுத்த ஆண்டு கதை திரும்பியது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனம், அந்நாட்டு அரசுக்கே சான்றிதழ் வழங்கிவந்தது. 2011 கோடையில் அதன் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் கூகுள் உட்பட 531 போலிச் சான்றிதழ்களை வழங்கச் செய்தார்கள். நிறுவனத்துக்கு ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரானிலிருந்து ஒரு சாதாரணப் பயனாளர் தன் உலாவி எச்சரிக்கை காட்டுகிறது என்று முறையிட்டபோதுதான் உடைந்தது. போலிச் சான்றிதழ் சுமார் மூன்று லட்சம் இணைய முகவரிகளுக்குக் காட்டப்பட்டிருந்தது. அநேகமாக எல்லாமே ஈரானில். தங்கள் கடிதங்களை நடுவில் ஒருவர் படிக்கிறார் என்பது அந்த மக்களுக்குத் தெரியாது. உலாவிகள் அந்த நிறுவனத்தை நீக்கின, செப்டம்பரில் அது திவாலானது.

ஒரே நாடு, ஒரே ஓராண்டு. முதலில் அரசின் எந்திரங்கள் மேல் திருடிய ஒப்பம். பிறகு குடிமக்களின் கடிதங்கள் மேல் போலி ஒப்பம். இரண்டிலும் கணிதம் சரியாக வேலை செய்தது, சரிபார்ப்பு வென்றது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை மாதிரியே எழுத்து எழுத்தோடு பொருந்தியது.

நாம் இதற்கு வெளியில் இருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டக்ஸ்நெட் அதிகமாகப் பரவிய நாடுகளில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து இந்தியா. இலக்கக் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்த 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நமக்கும் ஒரு வேர் இருக்கிறது. 2014 ஜூலையில், அந்த வேரின் கீழ் இருந்த தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் கூகுள், யாகூ தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்து, மையத்தின் சான்றிதழ்கள் ரத்தாயின. கண்டுபிடித்துச் சொன்னது கூகுள். ஓர் அரசின் கையொப்பம் எத்தனை தூரம் செல்லும் என்று ஓர் உலாவி நிறுவனம் எல்லை வகுத்துக் கொடுத்தது.

5

ஆலைகள் எடுத்த முடிவு மோட்பஸ் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து தெரிகிறது. 2018இல் அதற்கே எக்ஸ்.509 சான்றிதழோடு ஒரு பாதுகாப்பான வடிவம் வந்தது. அதற்கு முன்பே, 2006இலிருந்து வெளிவரத் தொடங்கிய ஓ.பி.சி. யு.ஏ. என்ற தரம், சான்றிதழை மையத்தில் வைத்துக் கட்டப்பட்டது.

இதில் வேலை நடக்கும் விதம் இது. கருவி தனக்குள்ளேயே இரண்டு சாவிகளையும் உண்டாக்கிக்கொள்கிறது. தனிச் சாவி வெளியே போகாது. தன் பெயரையும் பொதுச் சாவியையும் சேர்த்து, தனிச் சாவியால் ஒப்பமிட்டு ஒரு விண்ணப்பம் எழுதுகிறது. ஆலையின் சான்றளிக்கும் பிரிவு அதைப் பார்த்து ஒப்பமிட்டால் சான்றிதழ். அப்படிப் பிரிவு இல்லாத இடத்தில் கருவி தனக்குத் தானே ஒப்பமிட்டுக்கொள்ளும், நாம் செல்ஃப் அட்டெஸ்ட் செய்கிற மாதிரி. புதிய சான்றிதழ் முதலில் வந்து விழுவது நிராகரிக்கப்பட்டவை என்ற கோப்புறையில். ஆலையில் ஒருவர் அதை எடுத்து, கருவியில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டு, நம்பத்தக்கவை என்ற கோப்புறைக்கு நகர்த்த வேண்டும். கருவி, கணினி என இரு பக்கமும் இது நடக்க வேண்டும்.

தத்துவமெல்லாம் இந்தச் சின்ன நகர்த்தலில் அடங்கியிருக்கிறது. நம்பிக்கை என்ற பெரிய சொல்லின் நடைமுறை, ராத்திரி ஷிப்டில் ஒரு பராமரிப்புப் பணியாளர் ஒரு கோப்பை இடம் மாற்றுவது. லைன் நின்றிருக்கும், மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருப்பார். எண்ணை ஒப்பிட நேரம் ஏது? எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்ற பொத்தானை அழுத்திவிடுவார். இல்லையென்றால் பாதுகாப்பு வேண்டாம் என்ற வகையைத் தேர்ந்துவிடுவார். 2020இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இணையத்தில் தென்பட்ட ஓ.பி.சி. யு.ஏ. சேவையகங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 92 விழுக்காட்டின் அமைப்பில் குறை இருந்தது. நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே சான்றிதழைப் பகிர்ந்துகொண்டிருந்தன. வழக்கமாக இதற்கு மனிதத் தவறு என்று பெயர் வைத்துவிடுவார்கள். பயிற்சியும் நேரமும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிட்ட ஓர் ஏற்பாட்டுக்கு அது மிகவும் வசதியான பெயர்.

மேலே இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்7-1200, 1500 கருவிகளில், ஒவ்வொரு கருவிக் குடும்பத்துக்கும் ஒரே தனிச் சாவி உள்ளே பதிக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் உள்ள அத்தனை ஆலைக்கும் ஒரே சாவி. 2022இல் ஆய்வாளர்கள் அதை ஒரு கருவியிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினார்கள். ஆலைகளில் சாவிகளை நிர்வகிக்க அப்போது நடைமுறை வழி இருக்கவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். ராத்திரி ஷிப்ட் ஆள் சொல்வதும் இதே விளக்கம்தான். இவர் சொன்னால் அது அலட்சியம், அவர்கள் சொன்னால் அது வரலாற்றுச் சூழல்.

6

கடைசியாக, உடைமை. 2009இல் வந்த ஐ.ட்ரிபிள்.இ. 802.1ஏ.ஆர். என்ற தரம் கருவிக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு பிறப்புச் சான்றிதழ் பதிக்கச் சொல்கிறது. ஒப்பமிடுவது தயாரித்த நிறுவனம். செல்லுபடிக் காலமாக அது சொல்லும் தேதி 9999ஆம் ஆண்டு டிசம்பர் 31. ஆலைக்குள் வழங்கும் சான்றிதழ் சில ஆண்டுகளில் காலாவதியாகும், புதுப்பிக்க மறந்தால் உற்பத்தி நிற்கும். தயாரிப்பாளரின் ஒப்பம் மட்டும் சாவதில்லை.

2021இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8995 இதை மேலும் கொண்டுபோகிறது. புதிய கருவி பெட்டியிலிருந்து வெளிவந்து ஒரு வலையில் சேரும்போது, இந்த வலை உன் உரிமையாளருடையதுதான் என்று தயாரிப்பாளரின் சேவையகம் ஒப்பமிட்ட ஓர் உறுதிச்சீட்டைக் கொடுக்க வேண்டும். திருட்டைத் தடுக்க நல்ல வழிதான். ஆனால் அந்த இயந்திரத்தை நான் இன்னொருவருக்கு விற்றால்? தயாரிப்பு நிறுவனம் மூடிப்போனால்? தராமல் மறுத்தால்? அந்த ஆவணமே பழைய கருவிகள், மறுவிற்பனை பற்றிய தனிப் பகுதிகளில் இந்தக் கவலையைப் பதிந்துவைத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய கருவி யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் ஓலை விற்றவரிடமே இருக்கிறது. நம் கையில் இருப்பது படியோலை. பாட்டன் வாங்கிய இயந்திரத்துக்குப் பேரன் போய் ஒப்பம் கேட்டு நிற்க வேண்டிய நிலை இது.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மரூச்சியின் ஆற்றில் கலந்த சாக்கடையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வது வெறும் ரொமான்டிசிசம். குடிதண்ணீரில் குளோரின் கலக்கும் கருவி, கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியோடு வேறு கேள்விகளும் தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசைக்கும், தண்ணீர் வாரியத்தின் டெண்டர் நிபந்தனைக்கும் வர வேண்டும். ஆலையின் வேர்ச்சாவி ஆலையில் இருக்கிறதா, விற்பனையாளரிடம் இருக்கிறதா? எதை நம்புவது என்ற பட்டியலை மாற்ற யாருக்கு அதிகாரம், அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? சாவி பறிபோனால் யார், எத்தனை நாளுக்குள் வெளியே சொல்ல வேண்டும்? கருவியை விற்கும்போது தயாரிப்பாளரின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்ற வழி உண்டா?

ஓர் அதிகாரியின் கையெழுத்து கிடைக்காததால் பள்ளிக்கூடமும் வேலையும் கிடைக்காமல் நிற்கும் பழங்குடிக் குடும்பங்கள் உள்ள ஊர் நம்முடையது. தாளில் இல்லாதவர் இல்லாதவரே என்று ஆக்குவதில் சான்றிதழுக்கு உள்ள பலம் நமக்கு நன்றாகவே தெரியும். இயந்திரங்களின் விஷயம் பொறியாளர்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொண்டால், இந்தக் கேள்விகளுக்கான விடைகளை டெண்டர் படிவத்தில் விற்பனையாளரே நிரப்பிக் கொடுப்பார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் நமக்காகக் காலியாக விடப்பட்டிருக்கும்.